கடையாரில் ஓர் ஒலிக்கட்டை

மொன்றியலில் வாழும் வாசகர் ஒருவர் எமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். பாவித்த 14 அடி அலுமினியப் படகு ஒன்றையும், 'மீன்காட்டி' எனப்படும் இலத்திரனியல் கருவி ஒன்றையும் மலிவாக வாங்கியிருக்கிறாராம். வடமராட்சிக் கரையில் முப்பது ஆண்டுகள் கடற்றொழில் செய்த அவருடைய தந்தையார் அக்கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெட்டியைப் பார்த்து மீன் பிடிக்கிறவன் தொழிலாளியோ?" என்று கேட்டுவிட்டாராம். மகனோ, பெட்டியைப் பூட்டிவிட்டால் மீன் நேரே கண்ணில் தெரியும் என்று நம்பியிருக்கிறார். அவர் எம்மிடம் கேட்டவை இரண்டு. கருவியோடு வந்த சிறிய கறுப்புக் கட்டையைப் படகில் எங்கே பூட்டுவது? அதிலிருந்து வரும் நீண்ட கேபிளை எவ்வாறு கொண்டுசெல்வது? தந்தையாரின் கேள்விக்கு அவர் விடை கேட்கவில்லை. ஆயினும் அதற்கும் சேர்த்தே எழுதுவது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

முதலில் பெயரைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். இது மீனைக் காட்டும் பெட்டியன்று. நீரின் அடியிலுள்ள நிலத்தைக் காட்டும் பெட்டி. ஊரில் எம்மவர் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் ஆழம் என்று அளந்தனர். கரையிலுள்ள கோயிற் கோபுரத்தையும் வெளிச்சவீட்டையும் பனங்கூடலையும் நேர்கோட்டிற் பிடித்து, எந்தப் பாரின் மேல் நிற்கிறோம் என்று அறிந்தனர். பார் எங்கே, சேறு எங்கே, சாதாளை எங்கே என்று தெரிந்தவருக்கு மீன் எங்கே என்பதும் தெரிந்தது. மீன்காட்டி செய்வதும் அந்தக் குண்டுக் கயிற்றின் வேலையைத்தான். கயிற்றுக்குப் பதிலாக ஒலியை இறக்குகிறது, அவ்வளவே வேறுபாடு. ஆகவே தந்தையார் அதனை வெறுக்க வேண்டியதில்லை. மகன் அதனிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை.

இந்த ஒலிக்கும் நாம் குடியேறியுள்ள மண்ணுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. மொன்றியலுக்குக் கிழக்கே, இதே கியூபெக் மாகாணத்தின் ஈஸ்ற் போல்ற்றன் என்ற சிற்றூரில் 1866இல் பிறந்தவர் றெஜினோல்ட் பெசெண்டன். 1912இல் ரைற்றானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கிய பின்னர், நீருக்குள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் பனிமலையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று முயன்றவர்களுள் அவரும் ஒருவர். 1914 ஏப்பிரலில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள கிராண்ட் பாங்ஸ் கடற்பரப்பில், ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் நின்ற பனிமலையின் எதிரொலியை அவருடைய கருவி கேட்டது. கடலடியின் எதிரொலியும் அதனுடன் கிடைத்தது. மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி ரதபோட்டிடம் கற்ற றொபேட் பொயில் என்ற நியூபவுண்ட்லாந்துக்காரர், முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படைக்காக நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ஒலிக்கருவியை உருவாக்கிய பணியில் முன்னின்றார். பிரான்சில் போல் லான்ஜவன் அதே காலத்தில் அதே வழியில் உழைத்தார். போருக்காகப் பிறந்த இக்கருவி மீனவர் கைக்கு வந்தது 1948இல். யப்பானின் புருனோ சகோதரர்கள் அவ்வாண்டில் நடைமுறைக்கு உகந்த முதல் மீன்காட்டியைச் செய்தனர்.

நியூபவுண்ட்லாந்து என்றவுடன் எம்மவர் நெஞ்சில் வேறொன்று எழும். 1986 ஓகஸ்ட் 11ஆந் திகதி, 155 ஈழத்தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அத்தீவின் சென்ற் ஷொட்ஸ் கரைக்கு அப்பால் பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தனர். கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டார். ஒரு மீனவரின் கண்ணிற் பட்டதனால் அவர்கள் கரை சேர்ந்தனர். அவர்களுட் சிலரின் குடும்பங்கள் பின்னர் இந்நகரில் வாழ்வைத் தொடங்கின.

இனிக் கருவிக்கு வருவோம். கடைக்காரர் 'ரான்ஸ்டியூசர்' என்று சொல்லும் கறுப்புக் கட்டையை இக்கட்டுரையில் ஒலிக்கட்டை என்போம். அதனுள் ஒரு சிறிய வெண்களிமண் வில்லை போன்ற பொருள் உண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும். அதிர்வு வந்து தாக்கினால் அது மின்னழுத்தம் தரும். சில படிகங்களுக்கு இத்தன்மை உண்டு என்பதைப் பியர் கியூரியும் அவருடைய தமையனார் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்தனர். ஆகவே ஒரே கட்டை வாயாகவும் செவியாகவும் வேலை செய்கிறது. ஒலி நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1,480 மீற்றர் செல்லும். மூன்று மீற்றர் ஆழமான நீரில் அது அடிக்குப் போய்த் திரும்பி வர ஒரு விநாடியின் 250இல் ஒரு பங்குதான் செல்லும். மேலேயுள்ள பெட்டி இந்த நேரத்தை அளந்து, இரண்டாற் பிரித்து, ஆழமாக்கித் திரையில் வரைகிறது. ஒலி 200 கிலோஹேர்ட்ஸ் அளவில் இருப்பதால் நம் காதுக்குக் கேட்பதில்லை.

இக்கட்டைக்கு ஒரேயொரு பகை உண்டு. அது காற்று. நீரில் ஓடும் ஒலி காற்றைச் சந்தித்தால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை திரையில் நன்கு தெரிவதும் இதனாலேயே. ஆனால் அதே காற்று, கட்டையின் முகத்துக்குக் கீழே குமிழிகளாக ஓடினால் கருவி குருடாகிவிடும். "மெதுவாகப் போனால் படம் வருகிறது, வேகமாகப் போனால் வெறும் புள்ளிகள்" என்று முறையிடுபவர்கள் பெட்டியையே குறை கூறுவர். பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பெட்டியில் குறையிராது; கட்டையைப் பூட்டிய இடத்தில் இருக்கும் என்பது எமது கணிப்பு. ஆகவே விலை கூடிய பெட்டி வாங்குவதைவிட, இருக்கின்ற கட்டையைச் சரியான இடத்தில் வைப்பதற்கு ஒரு சனிக்கிழமையைச் செலவிடுதல் புத்தி.

எங்கே அந்த இடம்? படகின் கடையாரிலுள்ள குறுக்குப் பலகையின் வெளிப்புறம். படகைக் கரையில் ஏற்றி, அதன் வயிற்றை அணியத்திலிருந்து கடையார் வரை குனிந்து பாருங்கள். அலுமினியப் படகானால் நீளமாக ஓடும் மேடுகளும் தறையாணி வரிசைகளும் தெரியும். ஒவ்வொரு மேடும், ஒவ்வொரு தறையாணியும், நீரை உள்ளிழுக்கும் ஒவ்வொரு துவாரமும் ஓடும்போது தனக்குப் பின்னால் ஒரு குமிழிச் சாலையை உண்டாக்கும். அந்தச் சாலைகளுக்கு நேர் பின்னால் கட்டையை வைக்கலாகாது. இரண்டு மேடுகளுக்கு இடையே, நீர் வழுவழுப்பாக வந்து விலகுகின்ற ஒரு கையகல இடம் இருக்கும். அதுவே இடம். மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும்.

வலமா இடமா என்ற கேள்விக்கும் காரணத்தோடு விடை உண்டு. வெளியிணைப்பு இயந்திரத்தின் விசிறி, படகின் பின்னால் நின்று பார்ப்பவருக்குப் பெரும்பாலும் கடிகார முள்போலச் சுழலும். அப்போது வலப்புறத்தில் இலைகள் கீழ்நோக்கிப் போகும்; இடப்புறத்தில் மேல்நோக்கி வந்து குழப்பத்தைக் கிளப்பும். ஆகவே வலப்புறமே நல்லது. விசிறியிலிருந்து 15 அங்குலமாவது விலகியிருத்தல் நன்று. படகு மிகச் சிறிதாகி, இந்த இடைவெளி கிடைக்காவிடில் ஓரடிக்குக் குறையாமற் பார்த்துக்கொள்ளுங்கள். இழுவை வண்டியின் உருளைகள் கட்டையில் முட்டாதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். படகை வண்டியில் ஏற்றும் முதல் நாளிலேயே கட்டை உடைந்த கதைகள் பல.

உயரம் மிக நுட்பமானது. கண்ணாடியிழைப் படகில் கட்டையின் முகம் படகின் அடியிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் கீழே இருக்கும்படியும், அலுமினியப் படகில் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் கீழே இருக்கும்படியும் வைத்தல் பொதுவழக்கம். உங்கள் கருவியோடு வந்த கைநூலில் வேறு அளவு கூறப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றுங்கள். கட்டையின் முகம் நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். அல்லது அதன் பின்முனை மயிரிழையளவு தாழ்ந்திருக்கட்டும். முன்முனை தாழ்ந்தால் குமிழிகள் முகத்தின் கீழேயே சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது துளை. இங்கேதான் நாம் சற்று உரத்துச் சொல்ல வேண்டியுள்ளது. நீர்மட்டத்துக்குக் கீழே படகில் இடுகின்ற ஒவ்வொரு துளையும் உங்கள் பிள்ளைகள் அமரும் இடத்துக்கும் ஏரிக்கும் இடையிலான ஒரு வாசல். மிதக்கும் பொருளில் விளையாட்டாகத் துளையிடலாகாது. பழைய கண்ணாடியிழைப் படகுகளின் கடையார்ப் பலகைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். சரியாக அடைக்கப்படாத ஒரு திருகாணித் துளைவழியே நீர் மெல்ல மெல்லச் சென்று அதனை உக்கச் செய்யும். வெளியே பளபளப்பு மாறாது. உள்ளே இயந்திரத்தைத் தாங்கும் பலகை சோறாகிவிடும். மூன்று நான்கு ஆண்டுகளின் பின் ஒருநாள் இயந்திரம் ஆடத் தொடங்கும்போதுதான் விடயம் வெளிப்படும்.

ஆகவே நாம் பரிந்துரைப்பது, கட்டையை நேரே படகில் பூட்டாது இடையில் ஒரு தடித்த பிளாஸ்ரிக் பலகையைப் பூட்டும் முறையை. சமையலறையில் மரக்கறி நறுக்கும் வெள்ளைப் பலகை இருக்கிறதல்லவா, அந்த இனத்துப் பிளாஸ்ரிக். அது உக்காது, நீர் குடியாது. வீட்டுப் பலகையை எடுத்து இல்லத்தரசியின் கோபத்துக்கு ஆளாகாமல் புதிதாக ஒன்று வாங்குங்கள். அதனைக் கடையார்ப் பலகையில் இரண்டு மூன்று திருகாணிகளால், கூடியவரை நீர்மட்டத்துக்கு மேலே பூட்டிவிட்டால், பின்னர் ஒலிக்கட்டையை எத்தனை தடவை ஏற்றி இறக்கினாலும் புதிய துளைகள் எல்லாம் அந்தப் பலகையிலேயே விழும், படகு தப்பும். பசையை நம்பி மட்டும் ஒட்டிவிட வேண்டாம். இவ்வகைப் பிளாஸ்ரிக்கிற் பசை நன்றாகப் பிடிப்பதில்லை.

துளையிடும்போது துறப்பண அலகில் வேண்டிய ஆழத்தில் ஒரு துண்டு நாடாவைச் சுற்றுங்கள். நாடா தொட்டதும் நிறுத்தினால் மறுபக்கம் வெளிப்படாது. கண்ணாடியிழையில், துளையின் வாயைச் சற்று அகலமான அலகால் இலேசாகச் சரித்துவிட்டால் மேற்பூச்சு வெடிக்காது. திருகாணி துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும். துளைக்குள்ளும் திருகாணியின் புரியிலும் படகுகளுக்கென்றே விற்கப்படும், நீர்மட்டத்துக்குக் கீழே பாவிக்கத்தக்க பசையைத் தாராளமாக இடுங்கள். குளியலறைக்கு வாங்கிய, வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசை இதற்கு உதவாது. டொலர் இரண்டு மூன்று மீதம் பிடிக்கும் இடம் இதுவன்று.

முழுக்கண்ணாடியிழைப் படகானால் துளையே இல்லாமல், உட்புற அடியில் எப்பொக்சிப் பசையால் கட்டையை ஒட்டி, படகின் தோலூடாகவே ஒலியைச் செலுத்தும் முறையும் உண்டு. பசைக்குள் ஒரு காற்றுக் குமிழியும் இருக்கலாகாது. ஒலியின் வலு சற்றுக் குறையும். நீரின் வெப்பநிலையும் சரியாகக் காட்டாது. மரப் படகிலும் அலுமினியப் படகிலும் இம்முறையை நம்ப வேண்டாம். வாடகைப் படகில் போகிறவர்களுக்கு உறிஞ்சிப் பிடிக்கும் இறப்பர்க் கிண்ணமே போதும். ஆனால் கட்டைக்கு ஒரு கயிறு கட்டிவிடுங்கள். கிண்ணம் கழன்றால் கட்டை ஏரிக்குச் சொந்தமாகிவிடும்.

கேபிளைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. கட்டையைப் பூட்டியதும் வேலை முடிந்தது என்று எண்ணி, வயரை எப்படியோ இழுத்துவிடுகிறார்கள். அந்தக் கேபிளுக்குள் ஓடுவது அடியிலிருந்து திரும்பி வந்த மிக மெல்லிய குறிப்பு. அதனைச் சுற்றி உலோகக் கவசம் ஒன்று இருக்கும். கேபிள் நீளமாக இருக்கிறது என்று வெட்டி மீண்டும் முறுக்கி ஒட்டினால் அக்கவசம் அறுந்துவிடும். ஒட்டிய இடத்தில் நீரும் ஏறும். ஒருபோதும் வெட்ட வேண்டாம். மிகுதியை எட்டு வடிவில் தளர்வாக மடித்து, நனையாத இடத்தில், இருக்கைக்குக் கீழே கட்டிவையுங்கள். இயந்திரத்தின் தீப்பொறி வயர்களுக்கும், மின்சாரச் சிறு இயந்திரம் இருந்தால் அதன் தடித்த வயர்களுக்கும் அருகே இதனைக் கொண்டுபோகலாகாது. அவை ஒரே கட்டாகக் கட்டப்பட்டால் திரை முழுவதும் கோடும் புள்ளியுமாக மழை பெய்யும். இயந்திர வயர் படகின் வலப்பக்கமாகப் போனால் கேபிளை இடப்பக்கத்தால் எடுத்துச் செல்லுங்கள். கடக்கத்தான் வேண்டுமென்றால் குறுக்காக ஒரே இடத்தில் கடக்கட்டும்.

படகுக்குள் கேபிள் நுழையும் வழி கடையார்ப் பலகையின் மேல் விளிம்பாகவே இருக்கட்டும். துளையிட்டுக் கொண்டுவருவது அழகுதான். ஆனால் கேபிளின் முனையிலுள்ள பொருத்தி புகுமளவுக்குப் பெரிய துளை வேண்டியிருக்கும். அவ்வாறு செய்தே தீர வேண்டுமாயின் நீர்மட்டத்துக்கு நன்கு மேலே இட்டு, துளைக்கு இறப்பர் வளையமும் மூடியும் போட்டுப் பசையால் அடையுங்கள். எவ்வாறாயினும், நுழைவதற்குச் சற்று முன்னர் கேபிள் கீழே வளைந்து பின் மேலேறட்டும். மழைநீரும் தெறிக்கும் நீரும் அவ்வளைவிலேயே சொட்டி விழும். கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராது. கட்டைக்கு அருகிலும் சிறிது தளர்வு வேண்டும். மரக்குற்றி ஏதும் முட்டினால் கட்டை பின்னால் மடங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். கேபிளை இறுக்கிக் கட்டினால் அது மடங்காது, அறுந்துவிடும். இயந்திரத்தைச் சாய்த்து உயர்த்தி, இருபுறமும் திருப்பிப் பார்த்து, எங்கும் நசுங்கவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே கடைசிக் கட்டுப்பட்டியை இறுக்குங்கள். கால் மிதிக்கும் வழியிலும் கேபிள் கிடக்கலாகாது.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 12 வோல்ற்றுப் பற்றறி ஒன்றிலிருந்து தனி வயர் எடுத்து, பற்றறிக்கு அருகிலேயே பியூஸ் ஒன்றைக் கைநூல் கூறும் அளவில் இடுங்கள். பல சிறு கருவிகளுக்கு 3 அம்பியர். பியூஸ் இல்லாத வயர் உரசித் தேய்ந்தால், பெற்றோல் தாங்கிக்கு அருகே நெருப்பை வைத்துக்கொண்டு பயணம் செய்வதற்குச் சமன்.

முதல் ஓட்டத்துக்கு முன் கட்டையின் முகத்தைச் சவர்க்கார நீரால் மெல்லத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும். பின்னர் ஆழம் தெரிந்த இடத்தில் மெதுவாக ஓடி, படிப்படியாக வேகத்தைக் கூட்டுங்கள். வேகத்தில் படம் உடைந்தால் கட்டையை 3 மில்லிமீற்றர் இறக்கி மீண்டும் பாருங்கள். பின்னால் கோழிவால்போல நீர் சீறி எழுந்தால் சற்று உயர்த்துங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுதல் வேண்டும். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாமற் போய்விடும்.

இனித் திரையை வாசிப்பது. இங்கே தந்தையாரின் துணை வேண்டும். திரையின் வலது ஓரத்தில் வரும் கோடே இப்போதைய செய்தி; இடப்புறம் முழுவதும் கடந்துபோன கதை. கட்டை கூம்பு வடிவில் ஒலியை அனுப்புகிறது. 20 பாகைக் கூம்பானால், மூன்று மீற்றர் ஆழத்தில் அது காண்பது ஒரு மீற்றர் அகலமான வட்டத்தை மட்டுமே. மீன் அக்கூம்பின் ஓரத்தில் புகுந்து நடுவால் சென்று மறு ஓரத்தில் வெளியேறும்போது திரையில் வில்போன்ற வளைவு விழும். சில கருவிகள் வளைவுக்குப் பதிலாக அழகிய மீன் படங்களைக் காட்டும். அவை பெட்டியின் ஊகம். மிதக்கும் களையும் அங்கே மீனாகிவிடும். அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். அடிக்கோடு தடித்து, அதன் கீழே இருமடங்கு ஆழத்தில் இன்னொரு கோடும் தெரிந்தால் கீழே கல் அல்லது கடினமான நிலம். கோடு மங்கலாக இருந்தால் சேறு. சேறும் கல்லும் சந்திக்கும் விளிம்பில் ஏன் தூண்டில் போட வேண்டும் என்பதை எந்தக் கைநூலும் உங்கள் தந்தையாரைப்போல விளக்கப்போவதில்லை.

சென் லூயி ஏரியில் இது நன்கு பயன்படும். அங்கே வடகரையோரம் ஒட்டாவா ஆற்றின் பழுப்பு நீரும், தென்பக்கம் பேரேரிகளிலிருந்து வரும் பச்சை நீரும் ஒன்றோடொன்று கலக்காமல் அருகருகே ஓடுவதைக் காணலாம். ஏரியின் பெரும்பகுதி சில மீற்றர் ஆழமே. 1959இல் திறக்கப்பட்ட கப்பற்பாதையின் ஆழக் கால்வாயும் இதனூடாகச் செல்கிறது. டோறே எனப்படும் மீனைத் தேடுவோர் இவ்வாறான ஆழமாறும் விளிம்புகளையே நாடுவர்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ஒலிக்கட்டை கடையாரில் இருக்கிறது. அது காட்டும் ஆழம், உங்கள் அணியம் ஏற்கெனவே கடந்துவிட்ட இடத்தின் ஆழம். எதிரே வரும் கல்லை அது சொல்லாது. அறியாத இடத்தில் மெதுவாகவே செல்லுங்கள். கனடா நீர்நிலவரைவியற் சேவையின் வரைபடத்தையும் கையில் வைத்திருங்கள். லஷீன் பக்கமாகக் கீழ்நோக்கிச் செல்வோர் அப்பாலுள்ள பாய்நீரை நினைவிற் கொள்ளல் வேண்டும். அங்கே எந்தக் கருவியும் உதவாது. இயந்திரப் படகை ஓட்டுவோருக்குத் தகுதி அட்டையும், படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கியும் சட்டப்படி தேவை. 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள இயந்திரம் பூட்டிய படகுக்கு அனுமதி இலக்கமும் வேண்டும். மீன்பிடிக்கும் அனுமதிப்பத்திரம் வேறு. ஊரில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து கடலுக்குப் போகவே தடை, வெளியிணைப்பு இயந்திரத்துக்குத் தடை என்று வாழ்ந்தவர்களுக்குப் பத்திரம் என்ற சொல்லே கசக்கலாம். இங்கே கேட்பது உங்களை நிறுத்துவதற்கன்று. கூட வரும் பேரப்பிள்ளை வீடு திரும்புவதற்கு.

ஒக்ரோபரில் படகைக் கரையேற்றும்போது பெட்டியையும் பற்றறியையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கட்டையில் ஒட்டிய பாசியையும் சிறு சிப்பிகளையும் மரக்குச்சியாற் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். கேபிளின் முனையைப் பிளாஸ்ரிக் பையால் மூடிக் கட்டி, உறைந்த கேபிளை மடக்காமல் அப்படியே சித்திரை வரை விட்டுவிடுங்கள்.